பச்சை ஷீட்டு வீடு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பார்கள். அடுப்படியை எட்டிப் பார்ப்பார்கள். குளியலறைக் கதவைத் திறந்து மூடுவார்கள். புஷ்பலதா இது எதையும் செய்யமாட்டாள். நேரே முன்னறைக்குப் போய் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். வலப்பக்கம் ஒரு கையை நீட்டிப் பார்ப்பாள், இடப்பக்கம் ஒரு கையை நீட்டிப் பார்ப்பாள். ஜன்னல் எந்தப் பக்கம் என்று தலையைத் திருப்புவாள். பிறகு எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "பத்தாதுங்க" என்று வெளியே வந்துவிடுவாள்.

போடியில் அந்த நவம்பர் மாதத்தில் இப்படி ஏழு வீடுகளில் உட்கார்ந்து எழுந்தாள். ஏழாவது வீட்டுக்காரர் பயந்துபோய் அவள் கணவர் பிரேம்சிங்கைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மாவுக்குக் கிறுகிறுன்னு வருதா? தண்ணி கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லங்க. காய் போட்டுப் பாக்குறா," என்றார் பிரேம்சிங்.

போடியில் காய் என்றால் ஏலக்காய். மலையில் விளைந்து, அங்கேயே புகைச் சூட்டில் காய்ந்து, மூட்டையாக இறங்கி வருவதைத் தரம் பிரித்துத்தான் விற்க முடியும். பச்சை நிறம் நின்ற காய்க்கு ஒரு விலை, வெளிறிப்போன காய்க்கு ஒரு விலை, வெடித்ததும் பூச்சி துளைத்ததும் மூன்றாம் விலை. அதைப் பொறுக்கிப் பிரிக்க, கடைக்காரர்கள் தெரிந்த வீடுகளுக்கு மூட்டை அனுப்புவார்கள். புஷ்பலதா வீட்டுக்குத் தங்கபாண்டி கடையிலிருந்து வாரம் மூன்று மூட்டை வரும். அவளும் இன்னும் மூன்று பெண்களும் முன்னறையில் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு முறத்தை, அவர்கள் பேச்சில் சொளகை, மடியில் வைத்துக்கொண்டு பொறுக்குவார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவள் கையில் போய் வந்த மூட்டை ஒன்றுகூடத் தரம் தப்பியது என்று திரும்பி வந்ததில்லை. கடையில் மற்ற வீட்டு மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிட்டுத்தான் தைப்பார்கள். இவள் மூட்டை வந்தால் தங்கபாண்டி தலையை நிமிர்த்தாமலே சொல்வான்: "புஷ்பாக்கா மூட்டையா? அப்பிடியே தையி."

அந்த ஒரு வார்த்தையை அவள் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நகை போட்டுக்கொண்டு போகிற பெண்களுக்கு நடுவில் அவள் நிமிர்ந்து உட்கார அது போதுமானதாக இருந்தது.

பரமசிவன் மலைக்குப் போகிற ரோட்டில் இருந்த பழைய வீட்டில் மூன்று அறை. முன்னறை நீளமானது, சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். வடக்கு வெளிச்சம் காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி விழும், காய்க்கு அதுதான் வேண்டும். பதினேழு வருஷம் அங்கே இருந்தாயிற்று. மகள் சோனியா கல்யாணமாகிக் கம்பத்துக்குப் போய்விட்டாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பிரேம்சிங் இருபத்து நான்கு வருஷம் மலைக்கு மேலே கேரளத்துப் பூப்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காய் காயவைக்கும் சூட்டறையைப் பார்த்துக்கொண்டவர். புகையில் நின்று நின்று மூச்சுக்குழாய் கெட்டுப்போய், இனி மலை ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் போன வருஷம் இறங்கி வந்துவிட்டார். வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு கம்பளி, ஒரு டார்ச் லைட், நாலைந்து மலையாள வார்த்தைகள். அதில் அதிகம் புழங்குவது 'சாரமில்ல'. பரவாயில்லை என்று அர்த்தம். மழையில் துணி நனைந்தாலும் சாரமில்ல, குழம்பில் உப்புக் கூடினாலும் சாரமில்ல.

சம்பளம் நின்ற அதே வருஷம் வீட்டுக்காரர் வாடகையை ஒன்பதாயிரமாக உயர்த்தினார்.

"சாரமில்ல," என்றார் பிரேம்சிங். "சின்னதாப் பாப்போம். ரெண்டு பேருக்கு எதுக்கு மூணு ரூமு?"

"ரெண்டு பேருக்கா? எனக்கு மூணு பொம்பளையும் மூணு மூட்டையும் இருக்கு. அவுகள எங்க உக்கார வைப்பேன், உங்க தலையிலயா?"

அவள் பயம் அவளுக்கு. தங்கபாண்டி கடை மாடியில் டியூப் லைட் போட்டு, மேசை போட்டு, பத்துப் பன்னிரண்டு பெண்களைத் தினக்கூலிக்கு வைத்துப் பொறுக்க ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. வீட்டில் இடம் பற்றாமல் போனவர்களுக்கு மூட்டை நின்றுவிட்டது. முனீஸ்வரிக்கு அப்படித்தான் நின்றது. ஒற்றை அறைக்கு மாறினாள், மறு மாதம் மூட்டை வரவில்லை. இப்போது புஷ்பலதா வட்டத்தில் நாலாவது ஆளாக உட்கார்ந்து பொறுக்குகிறாள். அதனால் தங்கபாண்டியிடம் புஷ்பலதா, "வீடு மாத்துறோம் தம்பி, மூட்டைய அங்க அனுப்பிருங்க," என்று மட்டும் சொன்னாள். எவ்வளவு பெரிய வீடு என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எட்டாவது வீடு குலாலர்பாளையத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. வீட்டுக்காரி சுப்புத்தாய் பக்கத்துச் சிலமலை ஊர்க்காரி, புருஷன் இல்லாதவள், பின்கட்டில் நாலு கோழிகளோடு இருந்தாள். முன்பக்கம் ஒரே ஒரு அறை, அடுப்படி, அவ்வளவுதான். ஆனால் அறைக்கும் தெருக்கதவுக்கும் நடுவில் ஒரு முற்றம் இருந்தது. மூன்று பக்கம் சுவர், மேலே பச்சை ஃபைபர் ஷீட்டு. புஷ்பலதா போய் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். நாலு பேர் உட்காரலாம், முட்டியோடு முட்டி இடிக்கும், ஆனால் உட்காரலாம். மேலிருந்து குளிர்ச்சியாக வெளிச்சம் இறங்கியது.

"போன ஆடியிலதான் போட்டேன்," என்று சுப்புத்தாய் கூரையைக் காட்டினாள். "வெயிலு தெரியுதா பாரு. வெள்ளை ஷீட்டுன்னா மண்டையப் பொளந்துரும். கடைக்காரன்கிட்டச் சண்ட போட்டுப் பச்சையா வாங்கியாந்தேன்."

"பத்தும்," என்றாள் புஷ்பலதா. நாலாயிரத்து ஐந்நூறு வாடகை.

பிரேம்சிங் முற்றத்தில் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாம ரெண்டு பேரும் கீரைப் பாத்தியில நிக்கிற மாதிரி இருக்கோம்," என்றார்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா வாங்க. இதுவும் கைவிட்டுப் போயிரும்."

டிசம்பர் முதல் தேதி குடி வந்தார்கள். பெரிய கட்டில் கதவுக்குள் நுழையவில்லை. அதை வந்த லோடு வண்டியிலேயே மகள் வீட்டுக்குக் கம்பத்துக்கு அனுப்பினார்கள். பீரோ அறைக்குள் வந்தது, ஆனால் அதன் கதவைத் திறக்க வேண்டுமென்றால் பிரேம்சிங் பாயிலிருந்து எழுந்திருக்க வேண்டும். முதல் நாள் காலையில் புஷ்பலதா வீட்டைக் கூட்டி முடித்துவிட்டு, ஏதோ ஒரு அறையை விட்டுவிட்ட மாதிரி விளக்குமாறும் கையுமாகச் சுற்றிப் பார்த்தாள். விட்டுப்போனது ஒன்றுமில்லை. நாலு நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. குழாய் வாசலிலேயே இருந்தது, பழைய வீட்டில் மாதிரி குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டாம். மார்க்கெட் கூப்பிடு தூரம். இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு மனசு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவள் வீட்டு முறையாக வரவேண்டிய ஜெபக் கூட்டத்துக்கு இருபது பேர் வருவார்கள். "இந்த வருஷம் வேற வீட்டுல வச்சுக்கங்க, சிஸ்டர்," என்று போனில் சொல்லிவிட்டு, போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை மூன்று மூட்டைகள் வந்து இறங்கின. பெண்கள் வந்தார்கள். மொக்கம்மாள்தான் அவர்களில் மூத்தவள், முந்தின தலைமுறையிலிருந்து காய் பொறுக்குகிறவள். வாசலில் நின்று முற்றத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏத்தா புஷ்பம், வீடுன்னு சொன்ன? இது தீப்பெட்டியில்ல. குச்சியாட்டம் வரிசையாப் படுத்துத்தான் பொறுக்கணும் போல."

"உக்காருங்க மதினி. உக்காந்தா எடம் தெரியும்."

"எடம் தெரியுது. என் காலு எது, முனீஸ்வரி காலு எதுன்னுதான் தெரியல."

"அரிச்சா சொல்லுங்க மதினி, யாரு கால்னு தெரிஞ்சிரும்," என்றாள் முனீஸ்வரி.

ரேணுகா என்ற இளையவள் சிரிக்கச் சிரிக்க மூட்டையைப் பிரித்தாள். முதல் சொளகு கொட்டியதுமே நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காய் அவ்வளவு அழகாக இருந்தது. பச்சைப் பசேலென்று, தடவிக் கொடுக்கலாம் போல.

"இது எந்த எஸ்டேட்டுக் காய்டீ? கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு," என்றாள் மொக்கம்மாள்.

வெளிறின காய்க்கென்று வைத்திருந்த டப்பா மத்தியானம் வரை பாதிகூட நிறையவில்லை. மூன்று நாள் வேலை இரண்டு நாளில் முடிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பும்போது புஷ்பலதாவுக்கு, இந்த வீடு ராசியான வீடுதான் என்று முதல்தடவையாகத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தங்கபாண்டி போன் செய்தான். "அக்கா, ஒரு எட்டுக் கடைக்கு வந்துட்டுப் போங்க." குரல் வழக்கமான குரலாக இல்லை.

கடை வாசலில் வெள்ளைத் துணி விரித்து அவள் மூட்டையைக் கொட்டி வைத்திருந்தான். அவள் மூட்டையை அவன் அவிழ்ப்பதில்லை. வெளியூர் வியாபாரி ஒருவர் வந்த இடத்தில், நம்ம கடையிலேயே சுத்தமான சரக்கு என்று காட்டுவதற்காகப் பெருமையாக அவிழ்த்திருக்கிறான். புஷ்பலதா குனிந்து பார்த்தாள். பச்சைக் காய்க்கு நடுவில் வைக்கோல் நிறத்தில் வெளிறின காய், கைக்கு நாலு, கைக்கு ஐந்து என்று கலந்து கிடந்தது.

"இது என் மூட்டையாப்பா?" என்றாள். மூட்டை வாயைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். அவள் முடிச்சுத்தான்.

"மூணுமே இப்பிடித்தான்க்கா இருக்கு." தங்கபாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கண்ணு டாக்டர ஒரு தடவ பாத்துருங்களேன். எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான், ஆப்பரேசன் பண்ணதும் சரியாப்போச்சு. மூட்டைய வீட்டுக்கே அனுப்புறேன், திரும்பப் பொறுக்கிக் குடுங்க. அடுத்த வாரத்துக்கு... வேணும்னா நீங்க மேல மாடிக்கே வந்துருங்க. லைட்டு நல்லா இருக்கும். வீட்ல உங்களுக்கும் ஏன் சிரமம்?"

அவன் நல்லதாகத்தான் சொன்னான். அவள் குனிந்து, கொட்டிக் கிடந்த காயைத் திரும்ப மூட்டைக்குள் அள்ளிப் போட்டாள். மாடிப்படி ஏறிப்போகும் இரண்டு சின்னப் பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பத்தொன்பது வருஷத்துக்குக் கடைசியில் கிடைத்தது அந்த மாடியில் ஒரு மேசை ஓரம்தான் என்று நினைத்துக்கொண்டு, பஸ்ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கண்ணாக மூடிக் காலண்டரைப் படித்தாள். இரண்டு கண்ணிலும் எழுத்துத் தெளிவாகத் தெரிந்தது. மொக்கம்மாளுக்குப் போன் செய்தாள்.

"எனக்குக் கண்ணு போச்சுன்னா ஒத்துக்கிறேன்," என்றாள் மொக்கம்மாள். "எனக்கு வயசாச்சு. ரேணுகாவுக்கு இருபத்தாறு. நாலு பேருக்கும் ஒரே நாள்ல கண்ணு போகுமா? எவளோ மூட்டைய மாத்திட்டாளுகடீ."

"முடிச்சு நான் போட்ட முடிச்சு மதினி."

மத்தியானம் பிரேம்சிங் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அறைக்குள் மூட்டைகள் திரும்பி வந்து அடைத்துக்கொண்டிருந்தன. புஷ்பலதா தட்டில் சோறு போட்டு, மோரை ஊற்றினாள். அவர் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த வீட்டுல மோரு ஊத்துனாலே பாசி பிடிச்சிருது. சாரமில்ல, ருசி அதே ருசிதான்."

இந்த வீட்டுக்குக் குடி வந்த நாளிலிருந்து அவர் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். தாடி பாசியாகிவிட்டது, வேட்டிக்குக் கீரைச் சாயம் ஏறிவிட்டது என்று. அவள் காதில் வாங்கியதில்லை. இன்றைக்குக் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். மோர்ச் சோற்றைப் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது வெள்ளையாகத்தான் தெரிந்தது. அந்தத் தட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருக்கதவைத் திறந்து வெளியே போனாள்.

"ஏய், சாப்பிடுறேன்டி! எங்க கொண்டு போற?"

தெருவில் சோறு வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே கொண்டுவந்து பார்த்தாள். இப்போது தெரிந்தது, நறுக்கின வெள்ளரிப்பிஞ்சு மாதிரி ஒரு இளம்பச்சை. தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு கை காயை அள்ளினாள். முற்றத்தில் பிடித்தால் முதல் தரம். தெருவுக்கு ஓடினால் நடுநடுவே வைக்கோல். மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள்.

பச்சை வெளிச்சத்துக்குள் உட்கார்ந்து அரைமணி நேரம் ஆனால் கண் பழகிவிடும், பச்சையே தெரியாது. வெளிறலும் தெரியாது. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து இடத்தை அளந்தவள், வெளிச்சத்தின் அளவைப் பார்த்தவள், அதன் நிறத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

"எம் மண்டைக்கு என்ன வந்துச்சு," என்று படியில் உட்கார்ந்தாள். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. பிரேம்சிங் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் மொத நாளே சொன்னேன்," என்றார்.

"நீங்க கீரைன்னு சொன்னீக. காய்னு சொன்னீகளா?"

கண்ணில் கோளாறில்லை. ஆனால் அதைத் தங்கபாண்டியிடம் சொல்ல வேண்டுமென்றால் இந்தத் தீப்பெட்டியைக் காட்டியாக வேண்டும். கண் கெட்டவள் என்று பெயரெடுத்து மாடிக்குப் போவதா, இடமில்லாதவள் என்று தெரிந்து மூட்டையை இழப்பதா என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தாள். சனிக்கிழமை காலையில் போன் செய்தாள். "தம்பி, ஒரு எட்டு வீட்டுக்கு வந்துட்டுப் போங்க," என்றாள், அவன் சொன்ன மாதிரியே.

தங்கபாண்டி பைக்கைச் சந்து முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தான். முற்றத்துக்குள் குனிந்து நுழைந்தவனை நடுவில் உட்காரச் சொன்னாள். கையில் ஒரு பிடி காயைக் கொடுத்தாள்.

"என்ன தரம் சொல்லுங்க."

தகப்பன் காலத்துக் கடை, பிறந்ததிலிருந்து காய் பார்த்தவன். விரலால் புரட்டிப் பார்த்தான். "நல்ல காய்தான்க்கா. முதல் தரம்."

"இப்பத் தெருவுக்கு வாங்க."

தெருவில் நின்று உள்ளங்கையை விரித்தவன் காயை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான். உள்ளே போனான், வந்தான், மறுபடி உள்ளே போனான். "அக்கா, இந்த ஷீட்ட எங் கடையில மாட்டுனா நான் கோடீஸ்வரன்!"

"போலீஸ்காரன் வருவான்," என்றார் பிரேம்சிங்.

சிரித்து முடித்த பிறகு அவன் முற்றத்தையும் ஒரே அறையையும், பாய்க்கும் பீரோவுக்கும் நடுவில் நெருக்கி அடுக்கியிருந்த மூன்று மூட்டைகளையும் பார்த்தான். புஷ்பலதா அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் வேணாம்க்கா, மன்னிச்சுக்கங்க," என்றான். "ஆனா மூணு மூட்டைய இங்க வச்சா அண்ணே எங்க படுப்பாரு? வெளிய முத்தத்துல வச்சா மழைச் சாரல்ல நனைஞ்சிரும். இனி ரெண்டு அனுப்புறேன். மூணாவத மாடியில பாத்துக்கிறேன்."

"ரெண்டா?"

"ரெண்டு. அவுத்துப் பாக்க மாட்டேன்."

அவள் தலையாட்டினாள்.

மிச்சம் சுப்புத்தாய். மொட்டை மாடியில் வைத்துப் பொறுக்கலாமே என்றாள் அவள். வெயில் பட்டால் காயின் பச்சை ஓடிவிடும் என்று புஷ்பலதா சொன்னாள். கூரையில் நடு ஷீட்டை மட்டும் எடுத்துவிட்டு வெள்ளை ஷீட்டு ஒன்று போட்டுக்கொள்கிறேன், செலவு என்னுடையது என்றாள். சுப்புத்தாய் தான் சண்டை போட்டு வாங்கிய பச்சையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கழட்டுற ஷீட்டு?"

"உங்களுதுதான். வச்சுக்கங்க."

"கோழிக்கூட்டுக்குப் போட்டுக்கிறேன். போகும்போது வெள்ளையக் கழட்டிட்டுப் போயிராத."

திங்கட்கிழமை வெள்ளை ஷீட்டு ஏறியது. திரும்பி வந்த மூன்று மூட்டைகளையும் அன்றும் மறுநாளும் திரும்பப் பொறுக்கி அனுப்பினார்கள். புதன்கிழமை இரண்டு மூட்டைகள் வந்தன. நடுவில் மட்டும் சரியான வெளிச்சம் விழுந்தது. பதினொரு மணிக்கு மேல் அதில் வெயில் கோடாக இறங்கும். அது காயில் படாமல் இருக்க, அது நகர நகர நாலு பேரும் சொளகோடு பின்னால் நகர வேண்டும். பழைய வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும் வரை ஒரே இடம்தான்.

"கடிகாரமே வேணாம்டீ," என்றாள் மொக்கம்மாள். "என் முதுகு சுவத்துல முட்டுச்சுன்னா மணி பன்னெண்டு."

மூன்று மூட்டைக்கு மூன்று நாள் என்று இருந்தது, இரண்டு மூட்டை இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. வெளிறலுக்கு வைத்த டப்பா இந்தத் தடவை நிறைந்து வழிந்தது. புஷ்பலதா ஒரு கையை அள்ளித் தெருவில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மூட்டை வாயைக் கட்டினாள். இனி எப்போதும் அப்படித்தான் செய்வாள் போலிருக்கிறது. பெண்கள் முந்தானையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ஆட்டோ மூட்டையை ஏற்றிக்கொண்டு போனது.

மணி இரண்டரை. அந்த நேரத்தில் அவள் சும்மா இருந்து வருஷக்கணக்காகிவிட்டது. பிரேம்சிங் அறைக்குள் பாயில் படுத்திருந்தார். மூட்டைகள் போன இடம் காலியாகக் கிடந்ததால் காலை நீட்டியிருந்தார்.

"நீயும் செத்த நேரம் படேன்," என்றார்.

"பகல்ல படுத்துப் பழக்கமில்ல," என்றாள் புஷ்பலதா. விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டினாள். அடுப்படியைக் கூட்டினாள். அவரைக் காலை மடக்கச் சொல்லி அறையையும் கூட்டினாள். எல்லாம் முடித்து மணியைப் பார்த்தாள். பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தை ஒரு கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டு, முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள்.